முகத்தில் தெரியாவிட்டாலும் எஃப்ஏஎஸ்டி இருக்கலாம்

கர்ப்பகாலத்தில் தாய் குடித்த மதுவால் குழந்தையின் மூளைக்கு வரும் பாதிப்புதான் எஃப்ஏஎஸ்டி. கனடாவில் அதைக் கண்டறியும் மையங்களைச் சிறு ஊர்களுக்கும் கொண்டுபோவது பற்றிய இந்த இழையில், "முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தனி மையம் எதற்கு" என்று ஒரு பதிவு பலரால் பகிரப்படுகிறது. அது சரியில்லைங்க.

சிறிய கண் திறப்பு, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத வழவழப்பு, மெல்லிய மேலுதடு, இந்த மூன்றும் சேர்ந்து தெரிவது பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் கொஞ்சம் பேருக்குத்தான். முகம் உருவாவது கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில்; மூளையோ பிரசவம் வரை வளர்கிறது, அதனால் முகம் இயல்பாகவே இருக்க, சொன்னது அடுத்த நிமிடமே மறந்துபோகிற பிள்ளை வகுப்பில் "அடம் பிடிக்கிறான்" என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். பாவம், அவன் தப்பு எதுவும் இல்லை.

முக அடையாளம் இல்லாவிட்டால், எஃப்ஏஎஸ்டி என்று முடிவு சொல்ல, கர்ப்பகாலத்தில் தாய் மது குடித்தது உறுதியாக வேண்டும், அப்புறம் நினைவாற்றல், கவனம், மொழி என 10 மூளைச் செயல்பாடுகளில் குறைந்தது 3-ல் கடுமையான குறை இருக்க வேண்டும். இதை அளக்க மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எனக் குழுவே தேவை. மையங்கள் வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான்.

சரிபார்க்க, கனடா மருத்துவச் சங்க இதழின் தளத்தில் 2015 இறுதியில் வெளியான எஃப்ஏஎஸ்டி வழிகாட்டுதலைத் தேடுங்கள், காசு கட்ட வேண்டாம். நோயறியும் அளவுகோல்களில் "முக அடையாளங்கள் இல்லாத" வகை தனியாகவே இருக்கும்.