மெகாவாட் வேறு, யூனிட் வேறு

"கமுதி சோலார் 648 மெகாவாட், கூடங்குளம் ஒரு அணு உலை 1000 மெகாவாட், இரண்டு கமுதி கட்டினால் ஒரு உலையை மூடிவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கணக்கு தவறு. மெகாவாட் என்பது நிறுவுதிறன், அதாவது உச்சத்தில் எவ்வளவு தரும் என்பது மட்டுமே. கிடைக்கும் மின்சாரத்தை யூனிட்டில்தான் அளக்க வேண்டும்: ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட்.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். உலை 80 சதவீதத் திறனில் ஓடினால் 1000 × 8,760 × 0.8 × 1,000, அதாவது சுமார் 700 கோடி யூனிட். சோலாருக்கு இரவு, மேகம், தகட்டில் படியும் தூசி எல்லாம் போக 20 சதவீதம் என்று வைத்தால் 648 மெகாவாட்டுக்குச் சுமார் 113 கோடி யூனிட். இரண்டு போதாது, ஆறு கமுதிக்கும் சற்று மேலாகவே வேண்டும். அப்போதும் மாலை 7 மணித் தேவைக்கு பேட்டரியோ, நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் நிலையமோ தனியாக வேண்டும்.

அதற்காக அணு உலை குறையே இல்லாதது என்று சொல்லவில்லை. எரிபொருள் மாற்ற கூடங்குளம் உலையை வாரக்கணக்கில் நிறுத்தியாக வேண்டும். திடீரென 'ட்ரிப்' ஆனால், அதாவது தானாக நின்றுவிட்டால், ஒரே நொடியில் 1000 மெகாவாட் போய்விடும். கிரிட்டின் (மின் தொகுப்பின்) அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியாமல் பிடிக்க வேறு நிலையங்கள் கையிருப்பில் இருக்க வேண்டும். கட்டும் காலமோ கேட்கவே வேண்டாம்: முதல் உலைக்கு 2002இல் கான்கிரீட் போட்டு, கிரிட்டில் இணைத்தது 2013இல்தான்.