டைம்அவுட் வந்தால் என்ன செய்வது என்று யார் எழுதுவது?

மொரிசியஸின் எபேனில் இருக்கும் எங்கள் ஆபீஸில் போன மாதம் முழுக்க நான் புரோகிராம் கோடு எழுதவே இல்லை. எழுதியதெல்லாம் விளக்கக் குறிப்பு. பிரவுசரைத் தானாக இயக்கும் எங்கள் கருவிகளை ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ) எப்படிக் கையாள வேண்டும் என்ற குறிப்பு. "இதற்குப் போய் ஒரு மாதமா?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முந்தின சாயங்காலம். விரதம் இருந்தவர்கள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். சப்ளையர் ஒருவரின் தளத்தில் ஆர்டர் போடும் வேலையை ஏஜென்ட்டிடம் விட்டுவிட்டு நாங்களும் கிளம்பினோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரே ஆர்டர் மூன்று தடவை போயிருக்கிறது.

லாக்கை, அதாவது நடந்ததன் பதிவை, எடுத்து வரிவரியாகப் படித்தேன். ஏஜென்ட் பட்டனை அழுத்தியிருக்கிறது, ஆர்டரும் போய்விட்டது. ஆனால் அந்தத் தளம் ரொம்ப மெதுவு. உறுதிப் பக்கம் வருவதற்குள் எங்கள் கருவி 'டைம்அவுட்' (காத்திருக்கும் நேரம் முடிந்தது) என்று சொல்லிவிட்டது. சரி, கிளிக் ஆகவில்லை போலிருக்கிறது என்று ஏஜென்ட் மறுபடி அழுத்தியது. மறுபடி டைம்அவுட். இன்னொரு தடவை.

ஏஜென்ட்டைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் கருவிக்கு நாங்கள் எழுதி வைத்திருந்த விளக்கம் இவ்வளவுதான்: "கிளிக்: பக்கத்தில் உள்ள பட்டனையோ லிங்கையோ அழுத்தும்." டைம்அவுட் வந்தால் கிளிக் போய்ச் சேர்ந்தும் இருக்கலாம், சேராமலும் இருக்கலாம். அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டிய எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் எழுதவில்லை.

பிரவுசரைத் தானாக இயக்கும் கருவிகள் புதிதல்ல. செலினியம் வந்தது 2004-ல். பப்பட்டியர் 2017, பிளேரைட் 2020. இத்தனை வருடமும் இவற்றின் விளக்கங்களைப் படித்தவர்கள் மனிதர்கள். புரியாவிட்டால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்போம். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது இணைப்பு முறை வந்ததிலிருந்து ஏஜென்ட்டோடு கருவிகளை இணைப்பது எளிதாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் கருவியின் பெயர், அதன் கீழே ஒரு விளக்கம், என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல்: நம் கருவியைப் பற்றி ஏஜென்ட்டின் கைக்குப் போவது பெரும்பாலும் இவ்வளவே. அப்படியானால் அந்த விளக்கமும் கருவியின் ஒரு பாகம். அது தப்பாகவோ அரைகுறையாகவோ இருந்தால் பக் (பிழை) என்றே பதிவு செய்து, பக் மாதிரியே சரி செய்ய வேண்டும் என்கிறேன்.

அப்புறம் பட்டன்களின் பெயர். பிளேரைட்டின் எம்சிபி சர்வர், வலைப் பக்கத்தைப் படமாகக் காட்டுவதை நம்பி இல்லை. கண் தெரியாதவர்களுக்கான ஸ்கிரீன் ரீடர் எதைப் படிக்கிறதோ, அந்த அக்சசிபிலிட்டி ட்ரீயை (பக்கத்தில் உள்ளவற்றின் அடுக்குப் பட்டியலை) எழுத்தாக எடுத்துக் கொடுக்கிறது. 'பட்டன், பெயர் இது, அடையாளம் இ12' என்கிற மாதிரி. அந்த 'இ12' அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது அந்த நேரத்தில் எடுத்த பக்கத்தின் நிலைக்கு மட்டும்தான். பக்கம் மாறிய பிறகு பழைய அடையாளத்தை நம்பக்கூடாது. எங்கள் குறிப்பில் இதுவும் இல்லை. உதாரணங்களில் எல்லாம் 'சப்மிட்' பட்டன். மொரிசியஸில் நாங்கள் தினம் பார்க்கும் தளங்களில் பாதி பிரெஞ்சு, பட்டனில் 'வாலிதே' (உறுதி செய்) என்று இருக்கும். 03/04 என்றால் இங்கே ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கத்தில் அது மார்ச் 4. தேதி கேட்கும் கருவிக்கு இதைச் சொல்லாமல் விடலாமா?

சில பட்டன்களுக்கு அந்த ட்ரீயில் பெயரே இருக்காது. பார்வையற்றவர்கள் எத்தனையோ வருடமாக இந்தப் பெயரில்லாத பட்டன்களில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஏஜென்ட் தடுமாறியதும்தான் எனக்கே அது உறைத்தது என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் சொந்தத் தளத்தில் அப்படி இருந்தவற்றுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டோம்.

இப்போது கிளிக் கருவியின் கீழே இப்படி இருக்கிறது: "டைம்அவுட் வந்தால் கிளிக் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதே. உடனே மறுபடி அழுத்தாதே. புது ஸ்னாப்ஷாட் எடு. ஆர்டர் பட்டியலைத் திறந்து பார். ஆர்டர் அங்கே இருந்தால் நிறுத்து. இல்லாவிட்டாலும், பணம் சம்பந்தப்பட்ட பட்டன் என்றால் இரண்டாம் தடவைக்கு முன் மனிதரிடம் கேள்."

இப்படி நீட்டினால் ஏஜென்ட்டின் கான்டெக்ஸ்டை (ஒரே நேரத்தில் அது மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தை) அடைத்துக்கொள்ளாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காக நான் வெட்டியது வேறு இடத்தில்: கருவியின் பெருமை, பழைய வெர்ஷன் கதை, ஒரே விஷயத்துக்கு நாலு உதாரணம். தவறினால் என்ன ஆகும் என்ற வரியில் கை வைக்கவில்லை. எழுதி வைத்தால் மட்டும் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. ஏஜென்ட் அந்த வரியை மீறினாலும் ஒரே ஆர்டர் எண் இரண்டாம் முறை போகாதபடி கோடிலேயே தடுத்திருக்கிறோம். இரண்டும் வேண்டும்.

சப்ளையரிடம் பேசி இரண்டு ஆர்டர்களை ரத்து செய்ய எங்கள் கணக்குப் பிரிவு அக்காவுக்கு இரண்டு நாள் ஆனது. அவர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்தது ஃபைல் அப்லோடு கருவி. அதன் கீழே இன்னமும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நாளைக் காலையில் அதில்தான் உட்காரப்போகிறேன்.