இரண்டு அப்பாக்கள்

போன மாதம் அடுத்தடுத்து இரண்டு நாவல்கள் படித்தேன். பூமணியின் 'வெக்கை', இமையத்தின் 'செல்லாத பணம்'. 'வெக்கை' 1982இல் வந்தது. இத்தனை வருடம் படிக்காமல் இருந்ததற்குக் காரணம், 'அசுரன்' பார்த்தாச்சு, கதைதான் தெரியுமே என்கிற மெத்தனம். என்னைப்போல நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள். படம் வேறு, இது வேறு.

அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையை மட்டும் வெட்டுவதாகத்தான் 15 வயது சிதம்பரம் போகிறான். ஆளே செத்துப்போகிறான். எடுத்த எடுப்பிலேயே இது முடிந்துவிடுகிறது. மிச்சம் முழுக்க அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான். துரத்தல், சண்டை என்று ஏதாவது வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்ததெல்லாம் சாப்பாடு! எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், இன்றைக்கு எங்கே படுக்கலாம். கரிசல் காட்டில் விளைவதும் திரிவதும் அத்தனை அத்துப்படி அந்த மனிதருக்கு. பூமணி பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம் என்பதைச் சொல்லியே தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்துப்போனது அந்த அய்யாவைத்தான். மகன் கொலை செய்துவிட்டு வந்து நிற்கிறான். ஏண்டா இப்படிச் செய்தாய் என்று உலுக்குவார் என எதிர்பார்த்தேன். அவரோ பையன் பசியாறினானா, தூங்கினானா என்பதில் குறியாக இருக்கிறார். நடுநடுவே பழைய கதை பேசுகிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். சாதிப் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லாமல் யார் நிலம், யார் கை ஓங்கியிருக்கிறது என்று எல்லாவற்றையும் புரியவைத்துவிடுகிறார் பூமணி.

இந்த அய்யா மனதில் இருக்கும்போதே 'செல்லாத பணம்' நடேசனிடம் போனது என் கெட்ட நேரம். நடேசன் பள்ளிக்கூட வாத்தியார், வசதிக்குக் குறைவில்லை. பொறியியல் படித்த மகள் ரேவதி, பர்மாவிலிருந்து வந்த குடும்பத்து ஆட்டோக்காரன் ரவியைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொள்கிறாள். அப்புறம் ஒருநாள் தீக்காயத்தோடு பாண்டிச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டும் அதன் வாசலும்தான்.

எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யத் தயார் என்று நிற்கிற அப்பாவிடம், வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. தலைப்பு அப்போதுதான் உறைத்தது. வருடக்கணக்கில் மனதுக்குள் பூட்டி வைத்த பாசமும் அந்தப் பணத்தோடு சேர்ந்து செல்லாமல் போகிறது. ஒரு ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு நாள் தவம் கிடந்தவன் நான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர்கூடத் தெரியாமல் அவர் குடும்பக் கதை மொத்தமும் தெரிந்துவிடும். இமையம் அதைப் பிடித்திருக்கிறார். ரவியை வில்லனாக்கி ஒதுக்காமல் அவன் பக்கத்தையும் பேசவிட்டது இன்னும் பெரிய விஷயம்.

ஒரு குறை உண்டு. புலம்பல் அதிகம். சொன்னதையே சொல்லி அழுகிறார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் அழுவார்கள், சரி. ஆனாலும் முப்பது பக்கமாவது குறைத்திருக்கலாம். 2020க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவலுக்கு நான் கணக்குப் பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

'வெக்கை' படித்த நாட்களில் ராத்திரி சாப்பிடும்போது அன்றன்றைய கதையை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் ஆர்வமாகக் கேட்டார்: "அந்தப் பையன் என்னடா ஆனான்?"

"சரணடையலாம்னு அப்பாவும் மகனும் கோர்ட்டுக்குக் கிளம்புறாங்கம்மா."

"சரி, அப்புறம்?"

"அவ்வளவுதான், முடிஞ்சுது."

"பெத்தவ பாவம்டா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.