டிரிஜிபிளுக்கும் ரிஜிடுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை

வாயு நிரப்பி மிதந்து பறக்கும் வான்கப்பல்களில், "உள்ளே உலோகச் சட்டம் உள்ள ரிஜிட் வான்கப்பலுக்கு மட்டும்தான் டிரிஜிபிள் என்று பேர்" என ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லைங்கண்ணா. ஓசைதான் ஒன்றுபோல இருக்கிறது. வழிநடத்து என்னும் பொருளுள்ள 'திரிகெரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது டிரிஜிபிள். திசை திருப்பி ஓட்டக்கூடியது, அவ்வளவுதான் பொருள். சட்டமுள்ள செப்பலினும் டிரிஜிபிள், வெறும் வாயுப்பையான பிளிம்பும் டிரிஜிபிள். 1852-இல் ஹென்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வாயுப்பைக்குக் கீழே நீராவி எஞ்சினைத் தொங்கவிட்டு பாரிஸிலிருந்து சுமார் 27 கி.மீ. பறந்தாரே, அந்த வான்கப்பலிலும் உள்ளே சட்டம் கிடையாது.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடைத் திறப்புக்குக் கட்டிவிடும் பலூன், ஆடிக் காற்றில் கயிற்றை இழுத்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கமே சாய்ந்து கிடக்கும். எஞ்சினும் இல்லை, சுக்கானும் இல்லை. அதை வேண்டுமானால் டிரிஜிபிள் இல்லை என்று சொல்லுங்கள், சரி.