ஸ்பைடரை எழுதியவரும் எஸ்கேபிஸ்ட்டை எழுதாதவர்களும்

ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எஸ்கேபிஸ்ட் தொகுப்புகள் கையில் மாட்டின. அலமாரி அப்படியே கிடக்கிறது, வீட்டில் திட்டும் வாங்கியாயிற்று. படித்ததற்கு ஒரு பதிவாவது போட்டுவிடுவோம் என்று எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்கேபிஸ்ட் யார் என்று கேட்டால், அப்படி ஒரு ஆளே கிடையாது. எந்த சூப்பர் ஹீரோதான் நிஜத்தில் இருக்கிறார் என்பீர்கள். இவர் காமிக்ஸிலேயே இல்லாதவர். மைக்கேல் ஷேபன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2000ல் ‘தி அமேசிங் அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கேவலியர் அண்ட் கிளே’ என்று தலையணை சைசில் ஒரு நாவல் எழுதினார். மறு வருஷமே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ப்ராக் நகரத்திலிருந்து நாஜிகளிடம் தப்பித்து நியூயார்க் வந்து சேர்கிற யூதப் பையன் ஜோ கேவலியர். அவனுடைய அத்தை மகன், புரூக்ளினில் வளர்ந்த சாம் கிளே. ஒருவன் வரைகிறான், இன்னொருவன் எழுதுகிறான். இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்குகிற ஹீரோதான் எஸ்கேபிஸ்ட். எந்தப் பூட்டும் சங்கிலியும் அவனை அடைக்க முடியாது. தங்கச் சாவி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அடிமைப்பட்டவர்களை விடுவிப்பது அவன் வேலை. குடும்பத்தை ப்ராகிலேயே விட்டுவிட்டு வந்த பையன் வேறு எப்படிப்பட்ட ஹீரோவை வரைவான்?

அந்த ஹீரோவின் முழு உரிமையையும் பையன்கள் ஒரு கையெழுத்தில் முதலாளியிடம் இழக்கிறார்கள். எஸ்கேபிஸ்ட் லட்சக்கணக்கில் விற்கிறான். பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறது, அதாவது பையன்களைத் தவிர எல்லோருக்கும்.

அப்புறம் 2004ல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் நாவலுக்குள் இருந்த அந்தக் காமிக்ஸை நிஜமாகவே அச்சடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு இதழும் எண்பது பக்கம், மொத்தம் எட்டு இதழ்கள். புதுக் கதைகள் என்று சொல்லிக்கொண்டு அவை வரவில்லை. எஸ்கேபிஸ்ட் அறுபது வருஷமாக வந்துகொண்டிருக்கிற ஒரு பழைய காமிக்ஸ் மாதிரியும், அதிலிருந்து பொறுக்கியெடுத்த மறுபதிப்பு மாதிரியும் வந்தன. ஒரு கதை நாற்பதுகளின் பாணியில் இருக்கும், இன்னொன்று எழுபதுகளில் வந்த மாதிரி இருக்கும். நடுநடுவே படுசீரியஸான வரலாற்றுக் கட்டுரைகள். உரிமை எந்தக் கம்பெனி கையிலிருந்து எந்தக் கம்பெனி கைக்குப் போனது, எந்த வருஷம் இதழ் நின்றது, யார் வந்து தூக்கி நிறுத்தினார்கள் என்று ஆராய்ச்சி மாதிரியே எழுதியிருப்பார்கள். மலக்கி பி. கோஹன் என்று ஒரு ‘நிபுணர்’ வேறு. ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் மைக்கேல் ஷேபன் என்று வரும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி மாளாது. ஊரே ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்திருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2005ல் சிறந்த தொகுப்புக்கான ஐஸ்னர் விருது, காமிக்ஸ் உலகின் பெரிய விருது, இதற்குக் கிடைத்தது. அதெல்லாம் சரி. கதைகள் எப்படி என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் இழுவைதான். பாதிக்கு மேல் சுமார். முதல் இதழின் முதல் கதை, எரிக் வைட் வரைந்தது, நாவலில் வருகிற பிறப்புக் கதையேதான். கால் ஊனமான டாம் மேஃபிளவர், அவனை வளர்த்த மேடை வித்தைக்காரர் மேக்ஸ், மேடையில் அவர் சுடப்படுவது, சாவி கைமாறுவது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் நாவலில் அந்த அத்தியாயத்தை ஷேபன் வெறும் வார்த்தைகளில் சொல்லும்போது என் மனதில் ஓடிய படம் அதைவிட நூறு மடங்கு பெரிது. இந்த மாதிரி முயற்சியின் சிக்கலே இதுதான். ‘ஜோவின் கோடுகளைப் பார்த்து ஆபீஸே வாயடைத்து நின்றது’ என்கிற மாதிரி நாவலாசிரியர் எழுதிவிட்டுப் போய்விடலாம். வரைகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். வாயடைக்க வைக்கிற படத்தை அவன் நிஜமாகவே வரைந்து காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சூப்பர்மேன் 1938ல் வெளிவந்தபோது அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகலுக்கும் ஜோ ஷஸ்டருக்கும் ஆளுக்கு இருபத்து மூன்று வயது. அந்தக் காலத்துக் காமிக்ஸை அப்படிப்பட்ட பையன்கள்தான் ராத்திரி கண்விழித்து, நாளைக்கு அச்சுக்குப் போகணும் என்ற அவசரத்தில் வரைந்தார்கள். கை ஒரு பக்கம் நீளமாக இருக்கும், கட்டடம் சாய்ந்து நிற்கும். ஆனாலும் பக்கத்தில் ஒரு வெறி தெரியும். எஸ்கேபிஸ்ட் தொகுப்பில் வரைந்தவர்கள் ஹோவர்ட் செய்கின், கைல் பேக்கர் மாதிரி கை தேறினவர்கள். அவர்களால் அவ்வளவு மோசமாக வரைய முடியவில்லை பாவம். காகிதத்துக்கு மஞ்சள் நிறம் ஏற்றலாம், வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைக்கலாம், கோட்டை விட்டு வண்ணம் கொஞ்சம் விலகின மாதிரி காட்டலாம். புதுப் பலகையில் கறையான் ஓட்டை போட்டுப் பழைய கதவு என்று விற்கிற மாதிரிதான் அது. அந்த வாசனையை நிஜமாகக் கொண்டுவந்தவர் என்று எனக்குப் பட்டது ஜீன் கோலன். அவர் 1944லேயே இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர் பழைய காலத்தைப் போலி செய்யத் தேவையில்லை, வழக்கம்போல நிழலை அப்பினாலே போதும்.

லூனா மாத் வருகிற கதைகள் எனக்கு எஸ்கேபிஸ்ட் கதைகளைவிடப் பிடித்தன. நூலகத்தில் வேலை பார்க்கிற ஜூடி டார்க், ராத்திரியானால் சிறகு முளைத்த தேவதை. அதற்குத் தனியாக ஒரு பதிவு போடணும், இங்கே வேண்டாம்.

கதைகள் சுமார் என்றால் எதற்கு இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். அந்தப் பொய் வரலாற்றுக்காகத்தான். எஸ்கேபிஸ்ட் தொகுப்பு ஒரு ஹீரோவை மட்டும் கற்பனை செய்யவில்லை. அவனைப் பெற்றவர்கள் யார், அவர்களிடமிருந்து அவனைப் பிடுங்கியது யார், பிடுங்கியவனிடமிருந்து வாங்கியது யார் என்று தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பனை செய்தது. பழைய சூப்பர் ஹீரோவின் உண்மையான கதையே அந்த வில்லங்கம்தான்.

இதே விளையாட்டை மற்றவர்களும் விளையாடியிருக்கிறார்கள். 1993ல் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் ‘1963’ என்ற தலைப்பில் ஆறு இதழ் எழுதினார். அறுபதுகளின் மார்வெல் காமிக்ஸை அச்சு அசலாகக் காப்பியடித்த நையாண்டி. விளம்பரம், வாசகர் கடிதம் வரைக்கும் போலி. தன் பெருமையையே பேசும் ஒரு ஆசிரியர் வேடத்தில் மூரே வருவார், மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீயைக் கிண்டல் செய்து. சிரித்துச் சிரித்துப் படிக்கலாம், ஆனால் முடிவு கிடையாது. கதையை முடிக்க வேண்டிய சிறப்பிதழ் கடைசிவரை வரவேயில்லை.

2000ல் மார்வெல் செய்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சென்ட்ரி என்ற புது ஹீரோவைக் கொண்டுவரும்போது, இது அந்தக் காலத்திலேயே ஸ்டான் லீ உருவாக்கி எல்லோரும் மறந்துபோன பாத்திரம் என்று ஒரு புரளியைக் கிளப்பினார்கள். ஆர்ட்டி ரோசன் என்று இல்லாத ஓவியர் ஒருவரை உருவாக்கி, அவர் இறந்துபோனதாகச் செய்தியும் பத்திரிகையில் வந்தது. ஜாலியான தந்திரம்தான். ஆனால் யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். மார்வெல் ஹீரோக்கள் பலரை வரைந்து உருவாக்கிய ஜாக் கிர்பியின் குடும்பத்தோடு இருந்த தகராறு 2014ல்தான் சமரசமாகத் தீர்ந்தது. மறக்கப்பட்ட நிஜ ஓவியர்கள் இத்தனை பேர் இருக்க, மறக்கப்பட்ட ஒருவரைப் புதிதாக உருவாக்கி விளம்பரம் தேடியது அதே நிறுவனம்.

சரி, இப்போது கோவில்பட்டிக்கு வருவோம். நான் ஏன் இதற்கெல்லாம் இவ்வளவு சூடாகிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எண்பதுகளில் மார்க்கெட் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. தராசுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் காமிக்ஸ் கிடக்கும். அட்டை கிழிந்ததென்றால் எட்டணா. சிவகாசியிலிருந்து 1984 முதல் வந்துகொண்டிருந்த லயன் காமிக்ஸில் எனக்கு உயிர் ஸ்பைடர். சிலந்தி மனிதன் இல்லை, அது வேறு ஆள். இவர் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர். கூர்மையான காது, நெற்றிக்கு ஏறுகிற புருவம், கறுப்பு உடை, கையில் வலைத் துப்பாக்கி, சவாரிக்கு ஹெலிகார். முதலில் வில்லனாக இருந்து அப்புறம் நல்லவரானவர். நல்லவரான பிறகும் திமிர் ஒரு துளி குறையாது. எனக்குப் பிடித்ததே அந்தத் திமிர்தான்.

ஒருநாள் கடைக்காரரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஸ்பைடர யாரு எழுதுறா?”

“சிவகாசிலதாம்ல அடிக்காங்க. அங்க எவனாச்சும் இருப்பான். எட்டணாவ எடு.”

ரொம்ப வருஷம் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் எல்லாம் தாண்டி, ஒரு மாடி அறையில் ஒருவர் பனியனோடு உட்கார்ந்து நியூயார்க் கொள்ளைக்காரர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாக ஒரு சித்திரம் மனதில் இருந்தது.

கல்லூரி முடித்து வெகுநாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஸ்பைடர் 1965ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த தொடர். அங்கேயும் பத்திரிகையின் பெயர் லயன்தான். வரைந்தவர் ரெஜ் பன். ஆரம்பக் கதைகளை எழுதியவர் டெட் கோவன். அதற்குப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல்.

ஆமாம், அதே சீகல். சூப்பர்மேனைப் பெற்றவர்.

1938 மார்ச் 1ஆம் தேதியிட்ட ஒரு காசோலையில் 130 டாலரை வாங்கிக்கொண்டு ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தவர். பிற்பாடு அதே கம்பெனிக்குத் திரும்பிப் போய், தான் பெற்ற பிள்ளைக்கே தன் பெயர் இல்லாமல் கதை எழுதியவர். அறுபதுகளின் நடுவில் உரிமை கேட்டு மறுபடி வழக்கு என்று கிளம்பியதும் அந்த வேலையும் போயிற்று. அப்படிப் போன மனிதர் வயிற்றுப்பாட்டுக்கு எழுதிய தொடர்களில் ஒன்றைத்தான் நான் எட்டணாவுக்கு வாங்கிப் பேப்பர் கடை வாசலில் நின்றபடியே படித்திருக்கிறேன். இங்கிலாந்து வார இதழ்களில் அப்போது எழுதியவர், வரைந்தவர் பெயர் போடுகிற வழக்கமே கிடையாது. மூலத்திலேயே இல்லாத பெயர் அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?

1975ல் அந்தக் கம்பெனியின் முதலாளியான வார்னர் நிறுவனம் இறங்கி வந்து இருவருக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, சூப்பர்மேனில் பெயரும் திரும்பி வந்தது. அந்த 130 டாலரும் அடங்கிய காசோலை 2012ல் ஏலத்தில் 160,000 டாலருக்குப் போனது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

இப்போது நாவலைத் திருப்பிப் பாருங்கள். கேவலியரும் கிளேயும் பல பேரின் கலவை என்றாலும், ஏமாந்த அந்தக் கையெழுத்து சீகல், ஷஸ்டருடையதுதான். எஸ்கேபிஸ்ட் தொகுப்பைப் படித்தவனுக்கு இல்லாத இரண்டு பேரின் வாழ்க்கை தலைகீழ்ப் பாடம். நிஜமாக எழுதியவரின் பெயர் தெரியாமல் நான் ஸ்பைடர் முழுவதையும் படித்து முடித்துவிட்டேன். தொகுப்பைப் புரட்டும்போதெல்லாம் இந்தக் கணக்கு இடிக்கும்.

அந்த விருதுக்குப் பெயர் கொடுத்த ஓவியர் வில் ஐஸ்னர் விஷயம் இதற்கு நேர் எதிர். அவர் 1940ல் ‘தி ஸ்பிரிட்’ காமிக்ஸை ஆரம்பிக்கும்போதே உரிமையைத் தன் கைக்கு வரும்படி பேசி முடித்தவர். கெட்டிக்காரர். அதற்கு முந்தைய வருஷம் ஒரு முதலாளி சூப்பர்மேன் மாதிரியே ஒன்று வேண்டும் என்று கேட்க, வொண்டர் மேன் என்று வரைந்து கொடுத்து அது கோர்ட்டு வரை போனது. பட்ட அனுபவம் உதவியிருக்கும். அந்த ஐஸ்னர் 2005 ஜனவரியில் காலமானார். அவர் கடைசியாக முடித்த ஸ்பிரிட் கதை எது தெரியுமா? எஸ்கேபிஸ்ட்டும் ஸ்பிரிட்டும் சந்திக்கிற கதை, ஆறே பக்கம், எஸ்கேபிஸ்ட் ஆறாவது இதழில் வந்தது. உண்மையிலேயே 1940ல் பிறந்த ஹீரோ, 1940ல் பிறந்ததாகப் பொய் சொல்கிற ஹீரோவோடு ஒரே பக்கத்தில் நிற்கிறான். வரைந்தவர் அந்த வருஷத்தில் நிஜமாகவே அங்கே இருந்தவர். இந்த ஆறு பக்கத்துக்காக எட்டு இதழையும் வாங்கலாம் என்பேன்.

பிரையன் கே. வான் எழுதிய ‘தி எஸ்கேபிஸ்ட்ஸ்’ 2006ல் தனித்தொடராக வந்தது. இந்த மொத்த வரிசையிலும் முழுதாக ஒரு கதை என்று படிக்க அதுதான் சிறந்தது. கிளீவ்லாந்தில், அதாவது சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஊரில், மேக்ஸ் ராத் என்ற பையன் அம்மா இறந்து வந்த இன்ஷூரன்ஸ் பணத்தில், எல்லோரும் மறந்துபோன எஸ்கேபிஸ்ட்டின் உரிமையை வாங்குகிறான். வரைய ஒரு தோழி, எழுத்துப் பொறிக்க ஒரு நண்பன். இதழ் கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் பெரிய கம்பெனி வாசலில் வந்து நிற்கிறது. மறுபடி அதே கையெழுத்து, அதே பேனா. அவன் என்ன செய்தான் என்பதை நான் சொல்லமாட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் நாவல், அப்புறம் வான், அதற்கப்புறம் தொகுப்புகள் என்று போங்கள். தொகுப்பில் கதைகளுக்கு முன்னால் அந்தப் பொய்க் கட்டுரைகளைப் படியுங்கள்.

ஐஸ்னர் கதை இருக்கிற மூன்றாவது தொகுப்பு என் அலமாரியில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பர் ‘ஒரு வாரத்தில் தந்துவிடுகிறேன்’ என்று வாங்கிப் போனார். இந்தப் பதிவுக்கு அவர் லைக் போடுவார். போட்டதும் நான் போன் பண்ணுவேன்.