ஸ்கூல் நல்லதா மட்டமா என்று மார்க்கை வைத்து முடிவு கட்டுவது

ஜூன் பிறந்தால் மும்பை தாராவி 90 அடி ரோட்டில் எங்கே நின்றாலும் ஒரே பேச்சுதான். எந்த முனிசிபல் ஸ்கூலில் போட்டால் பிள்ளை உருப்படும்? ஒரு ஸ்கூல் வாசலில் ஸ்காலர்ஷிப் வாங்கிய பிள்ளைகளின் போட்டோ போட்டு பேனர் தொங்கும், இன்னொன்றில் ஒன்றும் இருக்காது. உடனே முதலாவது நல்ல ஸ்கூல், இரண்டாவதில் வாத்தியார் சரியில்லை என்று தீர்ப்பு. ஒரே மாநகராட்சி, ஒரே சம்பள விகிதம், பிள்ளைகளுக்கு மாநகராட்சி தரும் அதே 27 இலவசப் பொருட்கள். இருந்தும் மார்க்கில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று கேட்டால், வாத்தியாரை மட்டும் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில், உள்ளே வருகிற பிள்ளைகள் யார்? மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. பாரம் நிரப்ப, அலைய, ஒரு நாள் கூலியை விட முடிந்த அப்பா அம்மா, பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்கோ, மாநகராட்சியே நடத்தும் சிபிஎஸ்இ பள்ளிக்கோ கொண்டுபோய்விடுகிறார்கள். விடியலில் வேலைக்குப் போய் இருட்டிய பின் வருகிறவர்களின் பிள்ளைகள் பழைய தமிழ் மீடியம் ஸ்கூலிலேயே மிஞ்சுகிறார்கள். அதிலும் மே லீவில் நெல்லைப் பக்கம் போன குடும்பம், ஆடி மாதக் கோயில் கொடை முடிந்துதான் திரும்பும். ஸ்கூலோ ஜூன் மத்தியிலேயே திறந்துவிடும். கடைசியில் அங்கே 80, இங்கே 60 என்றால் அதில் ஸ்கூலின் பங்கு எவ்வளவு? ஒரு பிள்ளை சேரும்போது என்ன தெரிந்தது, இப்போது என்ன தெரிகிறது, அந்த இடைவெளியை யாரும் அளப்பதில்லை.

1966இல் அமெரிக்காவில் கோல்மன் என்பவர் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கட்டடம், வசதி எல்லாவற்றையும் விடக் குடும்பச் சூழல்தான் மார்க்கைத் தீர்மானிக்கிறது என்றது. இதைப் பிடித்துக்கொண்டு "அப்போ ஸ்கூலால ஒண்ணும் ஆகாது" என்பவர்கள் உண்டு. நல்ல ஆசிரியர் கிடைத்தால் பின்தங்கிய பிள்ளைக்குத்தான் அதிகப் பலன் என்றும் அதே ஆய்வு சொன்னது. அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

இதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் முனிசிபல் பள்ளிகளில், 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பாலசகி திட்டம் சோதித்துப் பார்க்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர், 3, 4ஆம் வகுப்புகளில் வாசிக்கவும் கணக்குப் போடவும் திணறுகிற பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, தினம் இரண்டு மணி நேரம் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். பெரிய படிப்போ பெரிய சம்பளமோ இல்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். வகுப்பில் கூட்டம் குறைந்தும், அங்கேயே இருந்த மற்ற பிள்ளைகளிடம் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆய்வு செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் நோபல் வாங்கினார்கள். தலைகளை எண்ணிக் குறைத்ததால் வந்த பலன் இல்லை அது. தெரியாத இடத்தில் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததால் வந்தது.

ஆகவே அட்மிஷனுக்குப் போகிறவர்கள் பெஞ்ச், கம்ப்யூட்டரை எல்லாம் அப்புறம் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை யார் கவனிக்கிறார் என்று கேளுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இதைச் செய்ய ஆள் வேண்டும், அங்கேதான் சின்ன ஸ்கூல்கள் அடிவாங்குகின்றன. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்பு, இரண்டு பேர்! அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்ப இடம் தருகிறது. இருபது டீச்சர் இருக்கும் ஸ்கூலில் ஒருவர் போனால் சமாளிக்கலாம். இருவரில் ஒருவர் போனால் பாதி ஸ்கூலே போன மாதிரிதான். இரண்டு ஸ்கூலின் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரிப்போர்ட் எழுதுகிற அதிகாரி, அந்த வருடம் எத்தனை நாள் அங்கே டீச்சர் இருந்தார் என்று இன்னொரு கட்டம் போட்டு அதையும் எழுதட்டும்.