ஓட்டம் வீண்பொழுது அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்து வாழும் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், வகுப்புகள் முடிந்ததும் ஐந்தாம், ஆறாம் வகுப்புச் சிறுமிகளை முதலில் ஓடவிட்டு, பிறகு உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதவைக்கிறார்கள். இதைச் சில வாரங்களாகப் பார்த்து வருகிறேன். நம் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசும் விதம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. வீட்டுப்பாடம் என்றால் எல்லோருக்கும் மகிழ்ச்சி; ஓட்டம் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். வெயிலில் கறுத்துப்போவாள், வயதுக்கு வரப்போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, அந்த நேரத்தில் இன்னும் நான்கு கணக்குப் போடலாமே என்கிறார்கள்.

அங்கே நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புத்தகப் பைகளை வேலியோரம் சாய்த்துவிட்டு, பாதிப் பேர் காலணியையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு புல்தரையில் ஓடுகிறார்கள். யாரும் நேரம் குறிப்பதில்லை. பக்கத்தில் ஓடுபவளோடு பேச முடிகிற வேகமே போதும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பின்தங்குகிறவளுக்காக மற்றவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஆளுக்கு இரண்டு ஆரஞ்சுத் துண்டுகள் தின்றுவிட்டு, மேல்நிலைப் பள்ளி அக்காக்களின் மேற்பார்வையில் நோட்டைத் திறக்கிறார்கள். ஒருநாள் ஒரு சிறுமி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, 2/5 என்று எழுதியிருந்தாள். விடை அரையைவிடக் குறைவாக வருவது அவளுக்கே உறுத்தியது. தவறு தெரிந்துவிடும் என்று கையால் மறைக்காமல், சற்று முன் தன்னோடு மூச்சிரைக்க ஓடியவளிடம் நோட்டைத் தள்ளி, எங்கே தப்பு என்று கேட்டாள். இருவருமாகச் சேர்ந்து 5/6 என்ற விடைக்கு வந்தார்கள். களைத்து நின்ற நிலையை ஒருவருக்கொருவர் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்குத் தெரியாததைக் கேட்கக் கூச்சம் இருப்பதில்லை. கூடுதல் கணக்கு வகுப்பு இதைத் தந்துவிடாது என்றே நினைக்கிறேன்.

உடல்நலத்தையும் சொல்லியாக வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுப் பாடத்திட்டமோ இந்த வகுப்புகளின் உடற்கல்விக்கு வாரம் முழுவதற்கும் ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறது. சர்க்கரை நோய் எட்டிப்பார்க்காத இந்திய வம்சாவளி வீடு டர்பனில் அரிது. ஆயாவுக்கு ஊசி போடும் வீட்டிலேயே பேத்தியை ஓடாதே என்பது எப்படிச் சரியாகும்?

டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டியில், 1975 வரை வெள்ளையின ஆண்கள் மட்டுமே அதிகாரபூர்வமாகப் பங்கேற்க முடிந்தது. 1923இல் பதிவு மறுக்கப்பட்ட பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண், அனுமதி இல்லாமலேயே முழுத் தொலைவையும் ஓடி முடித்தார். நிறத்தின் பெயரால் நம் ஆண்களையும், பெண் என்பதால் எல்லாப் பெண்களையும் அந்தச் சாலை ஒதுக்கிவைத்திருந்தது. அந்தப் போட்டியே விலக்கிக்கொண்ட தடையை நம் வீட்டு வாசலில் நாமே போடலாமா?

பெற்றோரின் பயத்தில் ஒன்று மட்டும் முழுக்க நியாயமானது. ஜூன் மாதத்தில் இங்கே ஐந்து மணியைத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த இருட்டில் சிறுமிகளைத் தனியே நடக்கவிட யாருக்கும் மனம் வராது. இதற்காக ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. பணி ஓய்வு பெற்றவர்கள் முறைவைத்துப் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடலாம். திருவிழாவுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் கோயில் சங்கங்கள் குளிர்கால மாலைகளுக்கும் ஒரு வேன் தரலாம். என் தெருப் பிள்ளைகளை அழைத்துவரும் பொறுப்புக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். மற்றத் தெருக்களுக்கு இன்னும் ஆள் வேண்டும்.